கேள்வி கற்பித்தவர்: ஆசிரியர் ஸ்டான் சுவாமியை நினைவுகூர்தல்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் ஸ்டான் சுவாமியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, மன்றத்தின் மூத்த தோழர் ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். ‘அவரைப் பத்திதான் எல்லாரும் பேசிட்டாங்களே தம்பி, நீ புதுசா என்ன சொல்லப்போற?’ என்பது முதல் கேள்வி. ‘ஒரு பாதிரியாருக்கு நம்ம மேடையில என்ன வேலை?’ என்பது இரண்டாவது. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்த உரை.

ஸ்டான் சுவாமி என்றதும் நம் நினைவுக்கு வருவது அவருடைய மரணம். நடுங்கும் கைகள், தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல், கிடைக்காத பிணை, 2021 ஜூலை 5. அந்த மரணத்தை மறக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மரணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் அவர் ஒரு பரிதாபத்துக்குரிய முதியவராக மட்டும் மிஞ்சுவார். அறுபது ஆண்டுக்காலம் அவர் செய்த வேலை காணாமல் போய்விடும். அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். அவர் கற்றுக்கொடுத்த பாடம் என்ன, அதை நாம் கற்றுக்கொண்டோமா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் விஷயம்.

விரகாலூரிலிருந்து சாய்பாசா சந்தைக்கு

ஸ்டனிஸ்லாஸ் லூர்துசாமி 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1957இல் இயேசு சபையில் சேர்ந்தார். படித்துக் குருவானவராகி ஏதாவது ஒரு பெரிய கல்லூரியில் வசதியாக இருந்திருக்கலாம். அவர் இன்றைய ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதிக்குப் போனார். அப்போது அது பிகாரின் தென்கோடி. 1960களின் நடுவில் சாய்பாசாவுக்கு அருகே லூபுங்குட்டுவில் உள்ள இயேசு சபைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மாணவர்களில் பெரும்பாலோர் ஹோ ஆதிவாசிப் பிள்ளைகள்.

அங்கே நடந்த ஒரு சிறிய விஷயத்தை அவர் பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். மாணவர்களோடு வாரச் சந்தைக்குப் போவார். ஆதிவாசிகள் காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் கொண்டுவரும் பொருள்களை வெளியூர் வியாபாரிகள் ஏமாற்றி வாங்குவதைப் பார்ப்பார். கண்ணெதிரே நடக்கும் அந்த ஏமாற்றைத் தடுக்க இவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. எடைக்கல்லில் தொடங்கி கந்துவட்டிச் சீட்டு வரை நம் பெற்றோர் ஏமாற்றப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வகுப்பில் கணக்குப் போடக் கற்ற பிள்ளை, சந்தையில் தன் தகப்பன் ஏமாறுவதைப் பார்த்து நிற்கிறது என்றால் அந்தக் கல்விக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்ட ஆசிரியர் அதிலிருந்து வெளியே வரவே இல்லை என்றுதான் அவருடைய மீதி வாழ்க்கையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இறையியல் படிக்க பிலிப்பைன்ஸ் சென்ற அவர், அங்கேயே சமூகவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். நானும் சமூகவியல் முதுகலை படித்தவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சமூகவியல் படித்தவர்களுக்கு இரண்டு பாதைகள் திறக்கின்றன. ஒன்று, மக்களைத் தரவுகளாக்கிப் பதவி உயர்வு பெறுவது. மற்றொன்று, தரவுகளை மக்கள் கையில் ஆயுதமாகக் கொடுப்பது. ஸ்டான் முனைவர் பட்டத்தின் பின்னால் போகவில்லை. பிரேசில் நாட்டுப் பேராயர் ஹெல்டர் கமராவின் வழி அவரை ஈர்த்தது. பசித்தவனுக்குச் சோறு போடுகிறவரை உலகம் போற்றும், அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்கிறவரைச் சந்தேகிக்கும் என்பதைத் தன் அனுபவத்தில் கண்டவர் கமரா. பின்னாளில் ஸ்டானுக்கும் அதுவே நேர்ந்தது.

பெங்களூரு வகுப்பறை

1975 முதல் 1986 வரை பெங்களூருவில் உள்ள இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அடித்தட்டு மக்களிடையே வேலை செய்யும் இளைஞர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் சமூகப் பகுப்பாய்வு கற்பிக்கும் இடம் அது. அவர் பொறுப்பேற்ற ஆண்டுதான் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாடு முழுவதும் கேள்வி கேட்பது குற்றமாக இருந்த நேரத்தில், எப்படிக் கேள்வி கேட்பது என்று கற்பிக்கும் வகுப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது.

சமூகப் பகுப்பாய்வு என்றால் மாணவர்கள் பயந்துவிட வேண்டாம். நம் ஊர் மொழியில் அது மிக எளிது. யாரிடம் நிலம் இருக்கிறது? யாரிடம் இல்லை? எப்போதிலிருந்து இல்லை? யார் கையெழுத்தில் அது போனது? காவல் நிலையத்தில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள்? இப்படி ஒவ்வொன்றையும் எண்ணி, எழுதி, ஏன் என்று கேட்பதுதான் அது. 1936இல் அச்சான ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அண்ணல் செய்ததும், அதற்கும் முன்பு அயோத்திதாசப் பண்டிதர் ‘தமிழன்’ இதழில் வாரந்தோறும் செய்ததும் வேறென்ன? ஊரே இயல்பு என்று ஏற்றுக்கொண்டதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

சிறையை எண்ணியவர்

1990களின் தொடக்கத்தில் ஸ்டான் மீண்டும் ஜார்க்கண்ட் மண்ணுக்குத் திரும்பினார். 2006இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் ‘பகாய்ச்சா’ என்ற மையம் உருவானது. அந்தச் சொல்லுக்குத் தோட்டம் என்று பொருள். பயிற்சி, ஆய்வு, கலந்துரையாடல் என்று அதுவும் ஒரு பள்ளிக்கூடமாகவே இயங்கியது. வளாகத்தில் பிர்சா முண்டாவின் சிலை இருக்கிறது. நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் போராடி உயிர்நீத்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அங்கே அவர் எழுப்பிய கேள்விகள் எல்லாம் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை ஆதிவாசிப் பகுதிகளுக்குத் தரும் பாதுகாப்பு ஏன் நடைமுறையில் இல்லை? கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் என்ன ஆனது? ஆதிவாசி நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்கு எதிரான 1997ஆம் ஆண்டு சமதா தீர்ப்பு ஏன் கண்டுகொள்ளப்படவில்லை? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த மனுக்கள் ஏன் தள்ளுபடியாகின்றன?

இவற்றையெல்லாம் விட ஆட்சியாளர்களைக் கடுமையாகத் தொட்டது இன்னொரு வேலை என்று நினைக்கிறேன். நக்சலைட்டுகள் என்று சொல்லி ஆயிரக்கணக்கான ஆதிவாசி, தலித் இளைஞர்கள் ஜார்க்கண்ட் சிறைகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர், எவ்வளவு நிலம், எவ்வளவு வருமானம், எந்தப் பிரிவில் வழக்கு, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பகாய்ச்சா குழு கேட்டுப் பதிவு செய்தது. நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைக் கைதிகளைச் சந்தித்து எழுதப்பட்ட அந்த அறிக்கை 2016இல் வெளிவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னார்கள். பெரும்பாலோர் மாதம் சில ஆயிரம் ரூபாய்கூட வருமானம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள். வழக்கு நடத்த நிலத்தையும் மாட்டையும் விற்றவர்கள். ஸ்டான் அந்த ஆய்வோடு நிற்கவில்லை. 2017இல் இந்த விசாரணைக் கைதிகளுக்காக ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடர்ந்தார்.

கல்லெறிந்தவனைவிடக் கணக்கெடுத்தவனைக் கண்டு அரசு அதிகம் அஞ்சுகிறது. கல்லெறிதல் ஒரு நாள் செய்தி. கணக்கோ ஆவணமாக நிற்கும்.

2017, 2018இல் பத்தல்கடி இயக்கம் எழுந்தது. அரசமைப்பின் பிரிவுகளைக் கற்பலகையில் செதுக்கி ஊர் எல்லையில் நட்டார்கள் முண்டா மக்கள். அது குறித்து முகநூலில் எழுதியதற்காக 2018இல் ஸ்டான் உள்ளிட்ட 20 பேர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. 2019 அக்டோபரில் போலீஸ் வந்து அவருடைய உடைமைகளைப் பறிமுதல் செய்தது. அந்த உடைமைகள் எவை தெரியுமா? மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு இரும்பு அலமாரி, ஒரு மெத்தை, ஒரு தலையணை. எண்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியரின் மொத்தச் சொத்து அவ்வளவுதான்.

பீமா கோரேகானும் நாமும்

இங்கே நம் மக்களின் வரலாறு நேரடியாக உள்ளே வருகிறது. 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவில் மகர் வீரர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். 1927இல் அண்ணல் அங்கே சென்று அந்த நினைவுத் தூணுக்கு மரியாதை செய்தார். அன்று முதல் அது நம் நினைவிடம். 200ஆம் ஆண்டு நினைவுக்காக 2018 ஜனவரி 1 அன்று கூடிய தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். மறுநாள் வந்த புகார் இந்துத்துவ அமைப்புகளின் தலைவர்கள் இருவர்மீது. ஆனால் வழக்கின் திசை மாறியது. அதற்கு முந்தைய நாள் புணேயில் நடந்த எல்கார் பரிஷத் மாநாடே குற்றம் என்றானது. தாக்கப்பட்டவர்கள் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைது செய்யப்பட்டார்கள். தலித் கவிஞர் சுதிர் தவாலே, தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் என்று தொடங்கிய அந்த வரிசையில், 2020 ஏப்ரல் 14, அண்ணலின் பிறந்த நாள் அன்று, ஆனந்த் தெல்தும்ப்டே சிறைக்குப் போனார்.

2020 அக்டோபர் 8 இரவு, ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை ஸ்டான் சுவாமியைக் கைது செய்தது. அந்த வழக்கில் அவர் 16ஆவது ஆள். வயது 83. பீமா கோரேகானுக்குத் தான் ஒருபோதும் போனதில்லை என்று கைதுக்கு முன்பே பதிவு செய்த காணொளியில் அவர் சொல்லியிருந்தார்.

மூத்த தோழரின் இரண்டாவது கேள்விக்கு என் பதிலின் முதல் பாதி இதுதான். நம் முன்னோர்களின் நினைவுத் தூணைச் சுற்றிப் பின்னப்பட்ட வழக்கில், அந்த ஊரையே பார்த்திராத ஒருவர் சிறையில் இருந்து உயிரை இழந்திருக்கிறார். அவரை நினைப்பது நாம் செய்யும் உபகாரம் அல்ல. கடன்.

நடுங்கும் கை

கைதாவதற்குப் பல காலம் முன்பிருந்தே அவருக்குப் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய் இருந்தது. இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருந்தது. கை நடுங்குவதால் டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. தன் உறிஞ்சுகுழலும் மூடியிட்ட குவளையும் வேண்டும் என்று 2020 நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பதில் சொல்லப் புலனாய்வு முகமை 20 நாள் எடுத்துக்கொண்டது. அந்தப் பொருள்கள் தங்களிடம் இல்லை என்று நவம்பர் 26 அன்று சொன்னது. விசாரணை டிசம்பருக்குத் தள்ளிப்போனது. நாடெங்கும் மக்கள் உறிஞ்சுகுழல்களை வாங்கித் தபாலில் அனுப்பத் தொடங்கிய பிறகே இது செய்தியானது.

தலோஜா சிறையில் அவர் தனியாக இல்லை. அருண் ஃபெரேராவும் வெர்னான் கொன்சால்வஸும் அவர் சாப்பிடவும் குளிக்கவும் உதவினார்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த சக கைதிகள் துணி துவைத்துக் கொடுத்தார்கள், மூட்டு வலிக்குக் கால் பிடித்துவிட்டார்கள். இதையெல்லாம் அவர் நண்பர்களுக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதங்களில் தன் நோயைப் பற்றிய புலம்பல் குறைவு. உடன் இருந்த ஏழைக் கைதிகளுக்குத் தங்கள்மீது என்ன குற்றச்சாட்டு என்பதே தெரியவில்லை, குற்றப்பத்திரிகையைப் பார்த்ததுகூட இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் ஆண்டுக் கணக்கில் கிடக்கிறார்கள் என்ற கவலையே அதிகம். ஜார்க்கண்ட் சிறைகளில் வெளியே இருந்து எடுத்த கணக்கை, தலோஜாவில் உள்ளே இருந்து தொடர்ந்திருக்கிறார் அவர்.

2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் பிணை மறுத்தது. மே 21 அன்று காணொளி வழியாக மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் பேசினார். தலோஜாவுக்கு வந்தபோது தானே நடக்க முடிந்தது, குளிக்க முடிந்தது, கொஞ்சம் எழுதவும் முடிந்தது, இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்றார். அரசு மருத்துவமனை வேண்டாம், ராஞ்சியில் தன் மக்களோடு இருக்க இடைக்காலப் பிணை போதும் என்றார். எழுதும் திறனும் போயிற்று என்று ஓர் ஆசிரியர் நீதிபதிகளிடம் சொல்ல நேர்ந்த அந்த நாளை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மே 28 அன்று நீதிமன்றம் அவரை பாந்த்ராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவிட்டது. அங்கே கொரோனா தொற்று உறுதியானது. ஜூலை 5 அன்று, பிணை மனு விசாரணைக்கு வந்த அதே நாளில், அவர் இறந்துவிட்டதாக மருத்துவர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். விசாரணைக் கைதிகளுக்காக வழக்குப் போட்டவர் விசாரணைக் கைதியாகவே மடிந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு எதுவும் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. அவருடைய கணினிக்குள் வெளியிலிருந்து ஊடுருவிக் கோப்புகள் திணிக்கப்பட்டன என்று பிரதிவாதித் தரப்புக்காக ஆய்வு செய்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்செனல் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. பதில் சொல்ல அப்போது அவர் இல்லை.

எந்த வகைக் கிறிஸ்தவ ஆசிரியர்?

மூத்த தோழரின் கேள்வியில் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது. திருச்சபையோடு நமக்கு இருக்கும் கணக்கு தீரவில்லை. என் தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மிஷன் பள்ளி வாத்தியார். அதே தாத்தா கோயிலுக்குள் தனிப் பக்கத்தில்தான் முழந்தாளிட்டார். ஸ்டான் பிறந்த மாவட்டத்தில், திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரை நாம் அறிவோம். இன்னொரு பக்கம், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் அடிபட்டவர்களுக்கு அங்கியைக் கண்டால் தயக்கம் வருவது இயல்பு.

ஆனால் கிறிஸ்தவ ஆசிரியர்களில் இரண்டு வகை உண்டு என்பதை நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுத்தைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்க்காமல் இருந்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்கும் நாம் நன்றி சொல்கிறோம், அந்த நன்றியில் ஒரு கசப்பும் இருக்கிறது. எழுத்தைக் கொடுத்து, சுவரை யார் கட்டினார்கள் என்று படித்துப் பார்க்கச் சொன்னவர்கள் இன்னொரு வகை. ஸ்டான் அந்த இரண்டாவது வகை. அவருடைய மறைவுக்குப் பெருமையோடு அஞ்சலி செலுத்தும் திருச்சபை, அவர் கேட்ட விதத்தில் தன் சொந்தக் கல்லறைத் தோட்டத்தையும் ஏன் என்று கேட்டால்தான் அந்த அஞ்சலி முழுமையாகும். இதை அவர் பெயராலேயே நாம் சொல்லலாம்.

நமக்கு மிச்சமிருக்கும் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிளைச் சிறை வாசலில் வயதான அம்மா ஒருவரைச் சந்தித்தேன். கையில் பிஸ்கட் பொட்டலம். மகன் உள்ளே இருக்கிறான். ‘எந்தப் பிரிவுலம்மா கேஸ்?’ என்று கேட்டேன். ‘பிரிவெல்லாம் எனக்கென்ன தெரியும் தம்பி. ராத்திரி வந்து கூட்டிட்டுப் போனாங்க’ என்றார். நானும் தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. ஸ்டானின் அறிக்கையைப் படித்தபோது அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். நான் படித்த சமூகவியல் அந்த வாசலில் எனக்கு உதவவில்லை. நான்தான் அதைக் கொண்டு போகவில்லை.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று அரசின் 2022ஆம் ஆண்டுப் புள்ளிவிவரமே சொல்கிறது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தலித். நம் மாவட்டத்தில் எத்தனை பேர்? குண்டர் சட்டத்தில் அடைக்கப்படும் இளைஞர்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு வழக்கறிஞர் இருக்கிறார்? பிணை கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர்? நம்மிடம் முழக்கங்கள் இருக்கின்றன. இந்தக் கணக்கு இல்லை.

மாணவ நண்பர்களே, இந்த அரங்கில் இருப்பவர்களில் பத்துப் பேர் முன்வந்தால் போதும். ஆளுக்கு இரண்டு ஊர். ஒரு நோட்டு. பெயர், வயது, ஊர், பிரிவு, கைதான நாள், வழக்கறிஞர் உண்டா, குடும்பம் எதை விற்றது, இந்த ஏழு கேள்விகள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு கேளுங்கள், அவர்கள் பெயரைப் பாதுகாத்து எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த மேடையில் சொற்பொழிவு வேண்டாம். அந்தக் கணக்கை வாசியுங்கள். எந்தக் குடும்பத்துக்கு வழக்கறிஞர் தேவை, எந்த வழக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும் என்று அங்கேயே முடிவெடுப்போம். நோட்டு வாங்கித் தரும் செலவு என்னுடையது, முதல் இரண்டு ஊருக்குப் போகும் வேலையும் என்னுடையது.

கொரோனா காலம் என்பதால் ஸ்டான் சுவாமியின் உடல் மும்பையிலேயே எரியூட்டப்பட்டது. சாம்பல்தான் ராஞ்சியின் பகாய்ச்சாவுக்குத் திரும்பியது. கல்லறை தேடிப் போய் மாலை போடும் வேலையை அவர் நமக்கு வைக்கவில்லை. வீட்டுப்பாடத்தைத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜெய் பீம்.